நீர்நாய்களின் பன்னிரண்டாவது கட்டம்

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். தம்பெரே நகரத்தில் இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களைப் பத்து நிமிடத்தில் வெளியே எடுத்துவிடுவேன். ஆனால் என் வீட்டில், என் சோபாவில் உட்கார்ந்து, நான் வாங்கிய ஒரு விளையாட்டுக்குள் நுழைய எனக்கு வக்கில்லை. இதைச் சொல்லும்போதே காது சுடுகிறது.

விளையாட்டு ஒன்றும் பெரிய விஷயமில்லை. இரண்டு நீர்நாய்கள். ஆற்றை எதிர்த்து நீந்தி, மலைமேல் இருக்கும் ஏரிக்குப் போக வேண்டும். ஒரு நீர்நாய் நான், இன்னொன்று என் மகள் வில்யா. ஒருவர் பலகையை அழுத்திப் பிடித்தால்தான் மற்றவருக்குக் கதவு திறக்கும். தனியாக ஓரடி நகர முடியாது. மொத்தம் பன்னிரண்டு கட்டங்கள். பனிக்காலம் முழுக்க ஆடிப் பதினொன்றை முடித்துவிட்டோம். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று, பழைய மாவு ஆலை.

வில்யாவுக்குப் பதினைந்து வயது. இரண்டு வருடத்துக்கு முன் அவள் அம்மா ரீக்காவும் நானும் பிரிந்தபோது, ரீக்காவோடு வாசா நகருக்குப் போய்விட்டாள். ரயிலில் இரண்டரை மணி நேரம். போன் செய்தால், "நல்லா இருக்கேன்பா. சாப்பிட்டேன். சரிப்பா." அவ்வளவுதான், வைத்துவிடுவாள். ஆனால் கை விளையாட்டில் இருக்கும்போது வாய் தானாகத் திறந்துகொள்ளும். கணக்கு வாத்தியாரோடு சண்டை, தோழி பேசாமல் போனது, முன்முடியைத் தானே வெட்டிக்கொண்டு இரண்டு நாள் தொப்பியோடு பள்ளிக்குப் போனது, எல்லாம் அப்படி வந்தவைதான். என் மகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அந்த நீர்நாய் சொன்னது. சனிக்கிழமை நான்கிலிருந்து ஐந்துவரை எங்கள் நேரம். ஐந்துக்கு அவள் சலிபாந்தி என்ற உள்ளரங்கப் பந்தாட்டத்துக்கான மட்டையைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பிவிடுவாள்.

இனி என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். ஆலைக் கட்டத்துக்கு வந்த முதல் சனிக்கிழமை, நான்கு மணிக்கு விளையாட்டுப் பெட்டியைப் போட்டேன். அப்டேட். ஒரு நீலக்கோடு. நாலரைக்கு அந்தக் கோடு பாதி தூரம்கூட வரவில்லை. ஐந்துக்கு வில்யா போய்விட்டாள், ஐந்து ஐந்துக்குக் கோடு நிரம்பியது. இரண்டாவது சனிக்கிழமை அப்டேட் இல்லை, கன்ட்ரோலரில் பேட்டரி இல்லை. வீட்டில் இருந்த ஒரே ஜோடி பேட்டரியை ஜன்னலுக்கு வெளியே தொங்கும் வெப்பமானிக்குப் போட்டிருந்தேன். அதைக் கழற்றினேன். குளிரில் கிடந்து அதுவும் செத்திருந்தது. மூன்றாவது வாரம் பாஸ்வேர்டை மறுபடி கேட்டது. சரியாகத்தான் போட்டேன். "இது நீங்கள்தானா?" என்று சந்தேகப்பட்டு, நான்கு வருடத்துக்கு முன் நான் விட்டுத்தொலைத்த எண்ணுக்கு ரகசிய எண் அனுப்பியது. என் பெட்டி, என் வீடு, என் சோபா, நான் நானில்லையாம்! நான்காவது வாரம் இடமில்லை என்றது. எதையாவது அழி என்றது. எதை அழித்தேன் என்று கேட்காதீர்கள். ஐந்தாவது வாரம் உள்ளே நுழைந்தேவிட்டேன். நுழைந்ததும் என் நீர்நாய் இடது பக்கமாகத் தானே நடந்துபோய்த் தண்ணீரில் விழுந்தது. மறுபடி எழுப்பினேன். மறுபடி இடது பக்கம். கன்ட்ரோலரின் குமிழ் தேய்ந்துவிட்டதாம்.

"அப்பா, நீ லிஃப்ட்ல மாட்டினவங்களையெல்லாம் எப்படித்தான் வெளிய எடுக்கிற?" என்று வில்யா கேட்டாள்.

"லிஃப்ட் என்னை யாருன்னு கேக்காதும்மா."

சிரித்தாள். பிறகு கொஞ்சம் இழுத்து, "சாந்தேரி கேட்டாருப்பா. கடைசிக் கட்டம் மட்டும்தானே, நான் வேணா சேர்ந்து முடிச்சுக் கொடுக்கவான்னு," என்றாள்.

சாந்தேரி ரீக்காவோடு இருப்பவர். நல்ல மனிதர், அதுதான் சங்கடம். திட்டவும் வழியில்லை. அவர் வீட்டில் எதுவும் தேயாது, எதுவும் தீராது, எல்லாம் எப்போதோ அப்டேட் ஆகியிருக்கும்.

"நீ என்ன சொன்ன?"

"அப்பாவோடதான் முடிப்பேன்னு சொல்லிட்டேன். ஆனா அடுத்த சனிக்கிழமை கண்டிப்பாப்பா. சரியா?"

"கண்டிப்பா," என்றேன்.  ஒரு விளையாட்டுக்காக நாற்பத்தாறு வயது ஆள் இப்படி மல்லுக்கட்டலாமா? கட்டினேன். அந்த ஒன்றையும் அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டால், அப்புறம் போனில் "சாப்பிட்டேன்பா, சரிப்பா" மட்டும்தான் எனக்கு மிஞ்சும்.

ஆகவே ஆறாவது வாரம் லிஃப்ட் வேலைக்குப் போகிற மாதிரியே ஏற்பாடு செய்தேன். புதுக் கன்ட்ரோலர். எட்டு பேட்டரி. வெள்ளிக்கிழமையே பெட்டியைப் போட்டு அப்டேட்டை முடித்தேன், பாஸ்வேர்டைத் தாளில் எழுதி டீவிக்குக் கீழே ஒட்டினேன், ரகசிய எண் புதுப் போனுக்கு வருகிறதா என்று மூன்று முறை பார்த்தேன். இனி என்ன வந்தாலும் வரட்டும் என்று படுத்தேன்.

மறுநாள் காலை படிக்கட்டு அறிவிப்புப் பலகையில் என் பெயரை நானே பார்த்தேன். ஏப்ரலில் நானே என் கையால் எழுதியது. மே மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, பன்னிரண்டு மணி, தல்கோத்.

எங்கள் ஊரில் எந்தக் கட்டடமானாலும் வசந்தத்தில் ஒரு நாள் குடியிருப்பவர்கள் எல்லாம் சேர்ந்து முற்றத்தைக் கூட்ட வேண்டும். பனி உருகி வெளியே வந்த சரளையை, போன வருட இலைகளை, யாருடையதோ ஒற்றைக் கையுறையை எல்லாம் வாரிக் குவிக்க வேண்டும். யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். வராவிட்டால் யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் மாட்டார்கள். அடுத்த வசந்தம்வரை படிக்கட்டில் உங்களுக்கு வணக்கம் மட்டும் கொஞ்சம் சுருக்கமாகக் கிடைக்கும், அவ்வளவுதான். அதைவிட அபராதம் போட்டாலே தேவலை.

பன்னிரண்டுக்கு ஆரம்பித்தால் மூன்றுக்கு முடிந்துவிடும், நாலுக்கு என்ன குறை என்று இறங்கிப் போனேன். எல்லாவற்றையும் நடத்துவது இர்மெலி. அறுபத்தெட்டு வயது, ஓய்வுபெற்ற தபால் அதிகாரி, குடியிருப்போர் குழுவின் தலைவி. என்னைப் பார்த்ததும் இலை வாரும் கோலை என் கையிலிருந்து பிடுங்கிவிட்டாள்.

"உனக்கு எதுக்கு இது? நீ கரண்ட் வேலை தெரிஞ்சவன். போய்க் காபி போடு."

"காபி போடறதுக்கு எதுக்கு இர்மெலி கரண்ட் வேலை தெரியணும்?"

"வெளிச்சுவர்ல இருக்கற பிளக்கு பனில செத்துப்போச்சு. முப்பது பேர் காஞ்சு போயி நிக்கறாங்க. எங்கேர்ந்தாவது கரண்ட் எடு. காபி இல்லைன்னா ஒருத்தன் கோலைத் தொடமாட்டான்."

அது உண்மைதான். காபி இல்லாத தல்கோத்தை இந்த நாட்டில் யாரும் பார்த்ததில்லை. நாற்பது கோப்பை கொள்ளும் பெரிய கெட்டிலைத் தூக்கிக்கொண்டு அடித்தளத்துச் சைக்கிள் அறைக்குப் போனேன். அங்கே சுவரில் ஒரே ஒரு இரட்டை பிளக். ஒன்றில் விளக்கு. இன்னொன்றில் ஏதோ சாம்பல் நிறப் பெட்டியின் ஒயர், தூசு பிடித்து, பெயர் எழுதாமல், பழைய டயர்களுக்குப் பின்னால் ஓடியது. இந்தக் கட்டடத்தில் எவனோ எப்போதோ செருகிவிட்டு மறந்துபோன சாமான்களுக்குக் குறைவே இல்லை. பிடுங்கினேன். கெட்டிலைச் செருகினேன். இருபது நிமிடத்தில் காபி மணம் முற்றம்வரை வந்தது, முப்பது பேரும் கைதட்டினார்கள். அன்று முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

மூன்றுக்கு வேலை முடிந்தது. ஆனால் வேலை முடிந்தால் முடிந்ததா? தொத்திறைச்சி சுட வேண்டும். சுட்டதைத் தின்ன வேண்டும். இர்மெலி நன்றி சொல்ல வேண்டும், குப்பைத் தொட்டி மூடியைத் திறந்து போடுகிறவர்களைப் பெயர் சொல்லாமல், ஆனால் அவர்களையே பார்த்துக்கொண்டு, திட்ட வேண்டும். மூன்றே முக்காலுக்கு, வாயில் தொத்திறைச்சியோடு நழுவி மாடியேறினேன். கை கழுவினேன். நான்குக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது சோபாவில் உட்கார்ந்து, புதுக் கன்ட்ரோலரின் பட்டனை அழுத்தினேன்.

இணைப்பு இல்லை.

வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டேன். இல்லை. ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். இல்லை. தரையில் மண்டியிட்டு அந்தச் சிவப்பு விளக்கை முறைத்துப் பார்த்தேன். அது என்னை முறைத்தது. போனில் இணையம் இருக்கிறதே என்று அதன் வழியாக டீவிக்குக் கொடுத்துப் பார்த்தேன். எங்கள் சுவர்கள் அடுத்த போருக்குத் தயாராகக் கட்டியவை. ஆலைக் கதவு தெரிந்தது, வில்யாவின் குரல் "அப்—" என்று கேட்டது, படம் உறைந்து, என்னை வெளியே தள்ளியது. இரண்டாவது முறை "அப்—" கூட இல்லை.

இணையக் கம்பெனிக்குப் போன் போட்டேன். நான் வரிசையில் பதினேழாவது ஆளாம். நடுநடுவே ஒரு பெண் குரல், என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்று சொன்னது. முக்கியமானவனைப் பதினேழாவதாக நிற்க வைப்பார்களா? நாற்காலியை உதைத்தேன். வலித்தது.

வில்யாவிடமிருந்து மெசேஜ் வந்தது. "அப்பா?"

"ரெண்டு நிமிஷம்மா," என்று அனுப்பினேன். எத்தனையாவது இரண்டு நிமிடமோ.

நாலு இருபதுக்குப் பதினொன்றாவது ஆள் ஆனேன். அப்போது வெளியே கதவை யாரோ அறைந்து சாத்தும் சத்தம். எட்டிப் பார்த்தேன், எதிர்வீட்டு பெந்தி. ஐஸ் ஹாக்கி உலகக் கோப்பை ஓடிக்கொண்டிருக்கும் வாரத்தில் அவன் பக்கத்திலேயே போகக்கூடாது. தேசிய அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு படிக்கட்டில் நின்றான்.

"உனக்கும் போச்சாடா?" என்றான்.

"போச்சு. பதினொன்னாவது ஆளா நிக்கறேன்."

"நான் அப்பவே திட்டி முடிச்சிட்டேன். மத்தியானம் பழைய மேட்ச் போட்டுப் பார்த்திட்டிருந்தேன், பொட்டுன்னு நின்னுச்சு. கட்டடம் முழுக்க இல்லையாம். அந்தக் கம்பெனிக்காரனுங்களைப் பிடிச்சு ஏரில முக்கணும்."

"எத்தனை மணிக்கு நின்னுச்சு?"

"பன்னெண்டரை. கரெக்டாச் சொல்றேன், கொஞ்ச நேரத்துலயே முற்றத்துலேர்ந்து காபி வாசனை வந்துச்சு. நீ போட்டதுதானே? நல்லா இருந்துச்சுடா, மூணு கப் குடிச்சேன்."

 சாம்பல் நிறப் பெட்டி. பெயர் எழுதாத ஒயர். கம்பெனியின் பெண் குரல் நான் இன்னும் முக்கியம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனைத் துண்டித்தேன். லிஃப்ட்டுக்காக நிற்கவில்லை, மூன்று மாடியும் படிக்கட்டிலேயே ஓடினேன். "எங்கடா ஓடற?" என்று பெந்தி மேலேயிருந்து கத்தினான்.

சைக்கிள் அறையில் இர்மெலி கெட்டிலின் அடிக்காபியை வழித்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பிடுங்காதே, பிடுங்காதே! இன்னும் ரெண்டு கப் இருக்கு, சூடா இருக்கட்டும்!"

பிடுங்கினேன். சாம்பல் பெட்டியின் ஒயரைச் செருகினேன். டயர்களுக்குப் பின்னால் சின்னச் சின்னப் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. இர்மெலி விளக்குகளைப் பார்த்தாள், ஒயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்போ மத்தியானத்துலேர்ந்து நாலு தடவை போன் போட்டு நான் கம்பெனிக்காரனைக் கிழிச்சதெல்லாம்...?"

"இருக்கட்டும் இர்மெலி. அவனைத் திட்ட வேற காரணமா இல்ல?"

"கரண்ட் வேலை தெரிஞ்சவன்," என்றாள், கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே. அதில் இருந்த அத்தனை கேலியையும் வாங்கிக்கொண்டு மாடியேறினேன்.

நாலு முப்பத்தொன்று. வைஃபை பெட்டி கண் விழிக்க ஆறு நிமிடம். விளையாட்டு திறந்ததும், நிபந்தனைகள் மாறிவிட்டன, படித்து ஒப்புக்கொள்ளுங்கள் என்றது. கீழே இழுத்தேன், இழுத்தேன், இழுத்துக்கொண்டே இருந்தேன். என் மகளைத் தவிர எது கேட்டாலும் கொடுக்கிறேன் என்று அழுத்தினேன். நாலு நாற்பத்திரண்டுக்கு ஆலையின் கதவு தெரிந்தது.

வில்யாவின் நீர்நாய் அங்கே உட்கார்ந்திருந்தது. தலைக்கு மேல் அவள் பெயர். பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டித் தங்க மீன்.

என் பெயருக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை. அந்த மீனைப் பன்னிரண்டு கட்டங்களையும் முடித்தவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். முடித்தவர் திரையில் அது தெரியாது, கூட ஆடுபவர் திரையில்தான் தெரியும்.

"அப்பா! வந்துட்டியா! நிஜமாவே நீயா?"

"நான்தான்," என்றேன்.

 முடித்துவிட்டாள். ஆறு வாரம் பொறுத்துவிட்டு, சாந்தேரியோடு உட்கார்ந்து முடித்துவிட்டாள். கோபம் வந்தது, ஆனால் போக இடமில்லை. யார்மேல் கோபப்படுவேன்? அவரா பேட்டரியைத் தீர்த்தார், அவரா காபி கெட்டிலைச் செருகினார்? பதினைந்து வயதுப் பிள்ளை எத்தனை சனிக்கிழமை ஒரு மூடிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்? 

"இங்க என்ன பண்ணணும்னே தெரியலையேப்பா," என்றாள். சொல்லும்போதே அவளுடைய நீர்நாய் சரியான பலகைமேல் போய் நின்றுவிட்டது. பிறகு நினைவு வந்தாற்போல இறங்கி, தப்பான பலகையில் ஏறிக் குதித்தது.

"அந்த முதல் பலகையை மறுபடி பாரேன்," என்றேன்.

"ஓ! ஆமாம்ல? சூப்பர்ப்பா, எப்படிக் கண்டுபிடிச்ச?"

கதவு திறந்தது. உள்ளே போனோம். தோழி மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாளாம். அடுத்த வாரம் ஆட்டத்தில் முதல் வரிசையில் இறக்கப் போகிறார்களாம். கணக்கில் பத்துக்கு எட்டாம். நான் 'ம்' கொட்டிக்கொண்டே பற்சக்கரங்களில் ஏறினேன். பத்து நிமிடத்தில் உச்சிக்கு வந்துவிட்டோம். தண்ணீர்ச் சக்கரத்திலிருந்து கரைக்கு ஒரு சின்னத் தாவல். ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேரும் தாவினால் முடிந்தது. ஏரி.

வில்யா முதலில் தாவினாள். தண்ணீருக்குள் போய் விழுந்தாள். ஒருவர் விழுந்தாலும் இருவருக்கும் முதலிலிருந்துதான், நாங்கள் இரண்டு பேரும் சக்கரத்தின் அடியில் வந்து நின்றோம்.

"ஐயோ! கை வழுக்கிடுச்சுப்பா."

மறுபடி ஏறினோம். மறுபடி விழுந்தாள். பதினொரு கட்டங்களில் அவள் விழுந்து நான் பார்த்ததில்லை. விழுகிறவன் எப்போதும் நான். ஒவ்வொரு முறையும் குரலில் அதே பொய்ப் பதற்றம். முடித்தவள் எதற்காக இதை மறுபடி இழுக்கிறாள் என்று மூன்றாவது முறை ஏறும்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. ஏரி வந்துவிட்டால் சனிக்கிழமை நான்கு மணிக்கு எங்களுக்கு என்ன வேலை?

பின்னாலிருந்து ரீக்காவின் குரல் கேட்டது. "வில்யா, மணி அஞ்சு. கார்ல ஏறு."

"ஒரு நிமிஷம்மா!" பிறகு என்னிடம், குரல் சற்று இறங்கி, "சரிப்பா. இந்தத் தடவை முடிச்சிடலாம். நீ எவ்வளவு கஷ்டப்பட்ட," என்றாள். தாவினாள். துளி பிசகாமல் கரையில் போய் நின்று, என் பக்கம் திரும்பினாள்.

நான் சக்கரத்தின் விளிம்பில் நின்றேன். ஒரு பட்டன்தான். ஆறு வாரமாக நான் பல்லைக் கடித்தது இந்த ஒரு பட்டனுக்காகத்தான். அதை அழுத்தாமல் நேராக நடந்து தண்ணீரில் விழுந்தேன்.

"அப்பா! அது எவ்வளவு சுலபமான இடம்!"

"கை வழுக்கிடுச்சும்மா."

  அவள் சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"உனக்குத் தெரிஞ்சுபோச்சா?" என்றாள்.

"என்ன தெரியணும்?"

"ஒண்ணும் இல்லப்பா," என்றாள் வில்யா. "அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு வந்துடுவேன்."